நரைச்சுப்போன மரக் கேட்டுக்கு ஆயில் ஸ்டெயின், அடிச்சு பார்த்துட்டு சொல்றேன்

வெளிப்புற மரத்துக்குன்னே வர்ற ஆயில் ஸ்டெயின் (மரத்துக்குள்ள ஊறி கலர் குடுக்குற எண்ணெய்ப் பூச்சு), செமி ட்ரான்ஸ்பரன்ட், வால்நட் ஷேடு. கலர் அட்டகாசம், மரத்தோட ரேகை அப்படியே தெரியுது. ஆனா டப்பால போட்டிருக்கிற விளக்கம் ரொம்ப மட்டம். "சுத்தமான, காய்ந்த மரத்தில் பூசவும்", அவ்ளோதான். நரைச்ச மரத்துக்கு இது எங்க பத்தும்? வெயிலோட யூவி பட்டு பட்டு மேல்நார் செத்துப் போய்தான் அந்த சாம்பல் கலரே வருது, அது மேல எதை அடிச்சாலும் நாரோட சேர்ந்து உதிர்ந்துரும். 80 நம்பர் சாண்ட் பேப்பர் வச்சு ரேகை வாக்குலயே தேய்ச்சு நல்ல மரம் தெரியுற வரைக்கும் எடுக்கணும், அதுக்குன்னு 220 மாதிரி ரொம்ப நைஸான பேப்பர்லாம் போட்டு வழவழன்னு ஆக்கிட்டா ஸ்டெயின் உள்ள இறங்காது. ஆணியச் சுத்தி கருப்பா கறை இருந்தா ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் தடவி கழுவுங்க, கிளவுஸ் கண்டிப்பா. நல்லா காய்ஞ்சதும் ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, முத்தா நின்னா பழைய வார்னிஷ் இன்னும் ஒட்டிட்டு இருக்கு.

கலரே இல்லாத கிளியர் பூச்சு வாங்கலாமேன்னு கேப்பீங்க. வெயிலைத் தடுக்குறதே பெரும்பாலும் ஸ்டெயின்ல இருக்கிற பிக்மென்ட், அதாவது கலர்ப் பொடிதான், கிளியர்ல அது இல்ல, சீக்கிரமே திரும்ப நரைச்சுரும். வார்னிஷ்னா தோல் தோலா உரியும், மொத்தத்தையும் சுரண்டணும். இந்த ஸ்டெயின் மங்க மட்டும்தான் செய்யும், கழுவி காயவிட்டு மேல ஒரு கை ஓட்டினா போதும்.

அடிக்கிறதுக்கு ஈஸிதான். அடியில கலர் களிமண்ணு மாதிரி தங்கிடும், அதனால நடுநடுவுல குச்சி விட்டு கிளறிட்டே இருங்க, இல்லன்னா கடைசி பலகை மட்டும் கருகருன்னு வரும். நேர் வெயில்ல வேண்டாம், ஒரு பலகைய மேலேர்ந்து கீழ வரைக்கும் முடிச்சிட்டுதான் அடுத்தது, பாதியில நிறுத்தினா கோடு விழும். பலகையோட வெட்டு முனை, முக்கியமா கீழ்ப்பக்கம், தண்ணி ஏறுறதே அங்கதான், அதுக்கு குடிக்கிற அளவுக்கு குடுங்க. ஒரு பத்து பதினஞ்சு நிமிஷத்துல மிச்சத்தை துணியால துடைச்சிரணும், விட்டா பிசுபிசுன்னு நிக்கும்.

வாடை அதிகம், அது ஆயில் ஸ்டெயின்னா அப்படித்தான். ஆனா துடைச்ச துணிய கசக்கி மூலையில போட்டா தானா சூடேறி தீப்பிடிக்கலாம், வெளிய விரிச்சு காயப் போடணும். இவ்ளோ முக்கியமான விஷயத்தை டப்பா பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல போட்டிருக்காங்க, அதுக்கே ஒரு ஸ்டார் கட். 4/5.