விஸ்கி பீப்பாய் பீரா, சாதா ஸ்டவுட்டா?

லண்டனிலிருந்து லீவுக்கு வருபவர் "எந்த பீர் வாங்கி வரட்டும்?" என்று கேட்டால் புதுச்சேரி நண்பர்கள் குழம்பிப்போகிறார்கள். இரண்டு கறுப்பு பீர்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று கின்னஸ் டிராட்; இது சாதா ஸ்டவுட், அதாவது வறுத்த பார்லியில் செய்யும் கறுப்பு பீர். இன்னொன்று ஸ்காட்லாந்தின் ஓலா டூ. ஹைலேண்ட் பார்க் விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறியது.

போதை: கின்னஸ் 4.2%. ஓலா டூ 8%, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மணம், சுவை: கின்னஸில் வறுத்த பார்லியின் காபிக் கசப்பு, அவ்வளவுதான். ஓலா டூவில் அதன்மேல் சாக்லேட், கொஞ்சம் புகை, ஓக் மரம் தரும் வெனிலா வாடை. விழுங்கிய பிறகும் தொண்டையில் விஸ்கியின் சூடு நிற்கும். ஆனால் ஜில்லென்று குடித்தால் இதெல்லாம் அமுங்கிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வையுங்கள்; நம் ஊர் மே மாதத்தில் ஐந்தே போதும்.

விலை: பீப்பாய்க்கும் காத்திருப்புக்கும் சேர்த்து ஓலா டூதான் அதிகம்.

தொட்டுக்கொள்ள: வஞ்சிர வறுவலுக்கு கின்னஸ். ஓலா டூவுக்கு மிளகாய்க் காரம் ஆகாது. சீஸ், டார்க் சாக்லேட் சரி.

என் மதிப்பெண் (பத்துக்கு): ஓலா டூ 8, கின்னஸ் 6. ஆனாலும் நாலு பேர் கூடி அரட்டையடிக்க கின்னஸ்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவர் ஒரு பாட்டிலைப் பகிர்ந்து நிதானமாகக் குடிக்க ஓலா டூ.

அப்புறம், மிச்சத்தைக் கடலூருக்கு எடுத்துப்போகும் யோசனை வேண்டாம். வழியில் சோதனைச் சாவடி இருக்கிறது.