ஹாமில்டன் ஜாடிகளைச் சக்கரத்தில் ஏற்றிப் பார்த்தேன்

பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் சொல்லிவைத்து, ஹாமில்டன் ஜாடிகளின் படப்புத்தகம் நான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. மூலை நசுங்கியிருந்தது. கோபத்தோடுதான் பிரித்தேன், முதல் வண்ணப்படத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டேன்.

நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் சேர்த்த பழங்கால ஜாடிகளை, தான்கார்வில் என்பவர் படங்களோடு 4 தொகுதிகளாக வெளியிட்டார். முதல் தொகுதியின் முகப்பில் 1766 என்றிருக்கிறது. கடைசித் தொகுதி வர 1776 ஆகிவிட்டது. என் நான்கு மாதத்தைப் பற்றி நான் வாயே திறக்கக்கூடாது. நான்கையும் ஒன்றாகக் கட்டிய 2004 மறுபதிப்பு இது. மடியில் வைத்து வாசிக்க முடியாது, மேசை வேண்டும்.

எல்லோரும் புகழ்வது உருவப்படங்களை. ஜாடியின் வயிற்றைச் சுற்றி ஓடும் காட்சியை உரித்தெடுத்தாற்போல் விரித்து, கறுப்பும் செம்மண் நிறமும் ஏற்றியிருக்கிறார்கள். அழகுதான். ஆனால் வளைவில் நிற்க வரைந்த உருவம் தாளில் விறைத்துப்போகிறது.

என்னைக் கட்டிப்போட்டவை அளவு வரைபடங்கள். வாய், கழுத்து, தோள், அடி எல்லாம் வனைகிறவருக்குப் புரியும்படி இருக்கின்றன. தொழில் செய்கிறவர்களுக்கு மாதிரி கிடைக்க வேண்டும் என்பதுதான் ஹாமில்டனின் எண்ணமும். அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டவர் இங்கிலாந்துக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட். 1769 ஜூன் 13 அன்று ஸ்டாஃபோர்ட்ஷரில் புதிய தொழிற்கூடத்தைத் திறந்தபோது அவரே ஜாடிகள் வனைந்தார். கூட்டாளி பென்ட்லி சக்கரத்தைச் சுற்றினார். அந்தக் கறுப்பு ஜாடிகளில் சிவப்பில் தீட்டிய ஹெர்குலிஸ் காட்சி இந்தப் புத்தகத்திலிருந்து எடுத்ததே. தொழிற்கூடத்துக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்தார். இத்தகைய ஜாடிகளை, பண்டைக்கால இத்தாலியின் எட்ரூரியாவில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் செய்ததாக அன்று நம்பினார்கள். பெரும்பாலானவை கிரேக்கர்களின் வேலை. தப்பான பெயர் அந்த இடத்துக்கே நிலைத்துவிட்டது.

நானும் ஒரு தண்ணீர்க்குடத்தின் விளிம்புக்கோட்டை அட்டையில் வெட்டி, மண் சுருங்கும் என்று எட்டில் ஒரு பங்கு கூட்டி வனைந்தேன். உடல் அச்சு அசலாக வந்தது. பக்கக் கைப்பிடிகள் இரண்டும் சூளையில் விரிசல் விட்டன. எந்த ஈரத்தில் ஒட்டுவது என்பதைத் தான்கார்வில் எழுதவில்லை. எழுதுவதற்கு அவர் குயவரும் இல்லை.

அலமாரியில் அழகாக நிறுத்த மட்டும் என்றால் இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம். மண் பிசைகிறவர்கள் வாங்கலாம். என் பிரதியின் அந்தப் பக்கத்தில் இப்போது களிமண் கைரேகை இருக்கிறது. இரண்டாவது குடம் நிழலில் காய்கிறது.