பட்டாளத்து ஜெனரேட்டருக்கு ஊர் எஞ்சின்: ஐந்தரை வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் ஆயில் மாற்றும்போது ஹவர் மீட்டர் 1,140 மணி நேரம் காட்டியது. எஞ்சின் மாற்றிய 2020 ஜனவரியிலிருந்து ஓடிய கணக்கு இது. ராணுவம் கழித்த ஜெனரேட்டரில் நம் ஊர் எஞ்சினைப் பொருத்தும் இதே வேலையைச் செய்யலாமா என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடலாம்.

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன மீன் குளிர் அறை இருக்கிறது. ஏழரை எச்பி கம்ப்ரசர், இரண்டு ஃபேன், ஒரு தண்ணீர் மோட்டார், நாலு விளக்கு, இவ்வளவுதான் லோடு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. வாரக்கணக்கில் கரண்டு இல்லை. வாடகை ஜெனரேட்டருக்கு அலைந்து, கிடைக்காமல், அறையில் இருந்த வஞ்சிரத்தையும் சங்கராவையும் குழி வெட்டிப் புதைத்தோம். பக்கத்து நெய்வேலியில் ஊருக்கெல்லாம் மின்சாரம் தயாராகிறது, எங்கள் மீன் மண்ணுக்குள் போனது. சொந்தமாக ஒன்று வாங்கிப்போடு என்று அப்பா அன்றைக்கே சொன்னார். வாங்க 2018 ஆகிவிட்டது.

ராணுவம் ஏலத்தில் கழித்த 15 கேவிஏ மூன்று ஃபேஸ் ஜெனரேட்டர் செட். சென்னை வியாபாரி ஒருவரிடம் 95,000 ரூபாய். பச்சைப் பெயிண்டைப் பார்த்து மயங்கினேன் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். நான் மயங்கியது ஆல்டர்னேட்டரைப் (எஞ்சின் சுற்ற மின்சாரம் தரும் பாகத்தை) பார்த்துத்தான். முழுக்கச் செம்புச் சுற்று, மேலே தேன் ஊற்றியது போலத் தடித்த வார்னிஷ். சுற்றின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் 50 மெகோமுக்கு மேல் காட்டியது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ரப்பர் தொப்பி. அப்படிச் செய்த பொருள் இப்போது கடையில் கிடைப்பதில்லை.

எஞ்சின்தான் காலை வாரியது. தண்ணீரில் குளிரும் மூன்று சிலிண்டர். உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் ரேடியேட்டர் தகடுகள் பொடியாக உதிர்ந்தன. 2019 மே, கத்திரி வெயில், ஐந்து மணி நேரம் கரண்டு இல்லை. டெம்பரேச்சர் மீட்டரைப் பார்க்காமல் நான் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் ஹெட்டில் வால்வுக்கு வால்வு விரிசல். தப்பு என்னுடையது. ஆனால் அந்த ஹெட் சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில்கூடக் கிடைக்கவில்லை. பட்டாளச் செட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங், நாசில் மூன்றும் உங்கள் ஊர்க் கடையில் உண்டா என்று.

சரி, மாற்று எஞ்சினுக்கு என்ன கணக்கு? 15 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 12 கிலோவாட். ஆல்டர்னேட்டரில் வீணாவதையும் சேர்த்தால் எஞ்சின் 14 கிலோவாட் வரை தர வேண்டும், அதாவது 19 எச்பி. இருபதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. அந்த இருபதும் 1500 ஆர்பிஎம்மில் கிடைக்க வேண்டும். நாலு காந்தத் துருவம் (போல்) உள்ள ஆல்டர்னேட்டர் 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) தர 1500-ல்தான் சுற்றியாக வேண்டும். 3000-ல் 20 எச்பி என்று எழுதியிருக்கும் எஞ்சின் 1500-ல் ஏறக்குறைய பாதிதான் இழுக்கும். இதில் ஏமாந்தவர்கள் உண்டு.

(ஒரு நண்பர் அமெரிக்க ராணுவத்தின் எம்இபி-803ஏ படத்தை அனுப்பி, வாங்கலாமா என்றார். 10 கிலோவாட், நாலு சிலிண்டர் லிஸ்டர் பெட்டர் எஞ்சின், அருமையான செட். பாதுகாப்பு அமைப்புகள் அணைக்கப் பார்த்தாலும் விடாமல் ஓடுவதற்கு ‘பேட்டில் ஷார்ட்’ என்று ஒரு சுவிட்சே அதில் உண்டு. ஆனால் அது 60 சைக்கிள், 1800 ஆர்பிஎம். நம் ஊருக்காக 1500-க்கு இறக்கினால் வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும், ஆறில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஆசையாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கலாம்.)

நான் எடுத்தது பழைய 15 கேவிஏ செட்டிலிருந்து கழற்றிய இரட்டை சிலிண்டர் ஏர் கூல்டு கிர்லோஸ்கர், 70,000 ரூபாய். ரேடியேட்டரே இல்லை, உப்பு தின்ன ஒன்றும் கிடையாது. இந்த ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள்.

செயின் பிளாக் கட்டிப் பழையதை இறக்கிப் புதியதை வைக்க அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் போனது இரண்டையும் இணைக்கும் இடத்தில்.

எங்கள் ஆல்டர்னேட்டர் ஒற்றை பேரிங் வகை. பின்பக்கம்தான் பேரிங். உள்ளே சுற்றும் ரோட்டரின் முன்பக்கத்தை எஞ்சினின் ஃபிளைவீல் தாங்குகிறது, நடுவில் மெல்லிய எஃகுத் தகடுகள். ரப்பர் கப்ளிங் போட்டு ஒப்பேற்ற முடியாது, ரோட்டர் தொங்கிவிடும். இரண்டு பேரிங் வகையாக இருந்தால் வேலை பாதியாகக் குறையும், வாங்கும்போதே பாருங்கள். புதிய எஞ்சினின் ஹவுசிங் வேறு அளவு, போல்ட் துளைகள் வேறு வட்டம். முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர் 20 மில்லி தகட்டில் அடாப்டர் வளையம் கடைந்தார். “எஞ்சினைத் தூக்கி வெக்க கப்பி போதும் தம்பி, மூஞ்சியோட மூஞ்சி ஒட்டறதுக்குத்தான் நான்” என்றார். டயல் கேஜ் வைத்து ஃபிளைவீல் முகத்தையும் வளையத்தின் உள்வட்டத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஓட்டத்தை (சுற்றும்போது மையம் விலகும் அளவை) 0.1 மில்லிக்குள் கொண்டுவந்தார்.

அப்படியும் நாற்பது மணி நேரத்தில் நடுவில் உள்ள மெல்லிய எஃகுத் தகடு விரிசல் விட்டது. ஓட்டம் சரியாகத்தான் இருந்தது, ஆழம் சரியில்லை. ஹவுசிங் முகத்திலிருந்து ஃபிளைவீலில் தகடு உட்காரும் இடம் வரை உள்ள அளவில் இரண்டு மில்லி பிசகு. தகடு கிண்ணம் போல வளைந்து எஞ்சினின் கிராங்கை (சுழலும் தண்டை) முன்னால் தள்ளியபடியே சுற்றியிருக்கிறது. கொஞ்ச நாள் விட்டிருந்தால் அந்தத் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கும் போயிருக்கும். பாயே முகம் சுருங்கி, கூலி வாங்காமல் வளையத்தைத் திரும்பக் கடைந்தார். பிறகு எனக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். இணைப்பதற்கு முன் கடப்பாரையால் கிராங்கை முன்னும் பின்னும் நெம்பி ஆட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். இணைத்த பின்னும் அதே ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டம் காணாமல் போயிருந்தால் ஸ்டார்ட்டே செய்யக்கூடாது. இந்தப் பதிவில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மின்சாரப் பக்கம் பெரிய கதை இல்லை. பழைய பேனல் 24 வோல்ட், புதிய எஞ்சினின் ஸ்டார்ட்டரும் சொலினாய்டும் 12. அவசரத்தில் 24-ஐக் கொடுத்து ஒரு சொலினாய்டைப் புகைத்தேன். அப்புறம் ரிலேக்களை எல்லாம் 12-க்கு மாற்றினோம்.

ஓட்டும் அனுபவம் எப்படி? லோடு இல்லாமல் 52 சைக்கிள், கம்ப்ரசர் ஓடும்போது 50-ஐ ஒட்டி. எஞ்சின் வேகத்தைப் பிடித்து வைக்கும் மெக்கானிக்கல் கவர்னருக்கு இது போதும். மோட்டாரை மெதுவாக எடுக்க வைக்கும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருப்பதால் கம்ப்ரசர் எடுக்கும்போது விளக்கு ஒரு முறை மங்கி எழும், அவ்வளவுதான். ஆனால் பழைய மூன்று சிலிண்டரில் இல்லாத மெல்லிய சிமிட்டல் பல்பில் தெரிகிறது. சத்தம் அதிகம், பக்கத்து வலை பின்னும் கொட்டகையில் பேச்சு நின்றுவிடும். கம்ப்ரசர் ஓடும்போது மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி விலை குறைவு. கேனோடு போகிறவர்களைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

மோசமான நாள் என்றால் 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோதுதான். சாரல் கொட்டகைக்குள் அடித்து, மெகர் ஒரு மெகோமுக்குக் கீழே போனது. 200 வாட் பல்புகளை உள்ளே தொங்கவிட்டு இரண்டு நாள் காய வைத்தோம். காய்ந்த பின் எஞ்சின் ஓடுகிறது, வோல்டேஜ் எழவில்லை. சும்மா கிடந்ததில் இரும்பில் மிச்சமிருந்த காந்தம் போயிருந்தது. வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆரின் ஒயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியால் ஃபீல்டில் (காந்தச் சுருளில்) ஒரு தொடு தொட்டதும் உயிர் வந்தது. அதற்குப் பிறகு மேடையை இரண்டடி உயர்த்தினேன். மழைக்காலம் முழுக்க ஆல்டர்னேட்டருக்குள் ஒரு பல்பு எரிந்துகொண்டிருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கருகே கரையேறியபோது, ஆயில் பார்க்க மட்டும் நிறுத்தி நிறுத்தி, 31 மணி நேரம் ஓடியது. ஒரு மீன்கூட வீணாகவில்லை. அப்பா கொட்டகைக்கே வந்து அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

காசுக் கணக்கு: செட், எஞ்சின், லேத், பேனல், கூலி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தொட்டது. அப்போது புதிய சைலண்ட் செட் இரண்டரை லட்சம் சொன்னார்கள். மிச்சம் ஐம்பதாயிரம், போன தூக்கம் தனி. சிப்காட்டில் வேலை பார்க்கும் உறவுக்காரர் தன் முதலாளிக்கு இப்படி ஒன்று செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புதிய செட் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், 2023 ஜூலையிலிருந்து புகை விதியும் இறுகிவிட்டது. இப்படிக் கலந்து கட்டியதற்குச் சான்றிதழ் கேட்டால் காட்ட ஒன்றும் இல்லை.

இப்போது உள்ள ஒரே குறை சைலன்சர் மூட்டில் கருப்பாக ஒழுகும் எண்ணெய். எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. கம்ப்ரசர் நிற்கும் இரவுகளில் நாலு விளக்குக்காக அதை ஓட்டி ஓட்டி நான் வரவழைத்தது. டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் படிகிறது. மாதம் ஒரு முறை ஹீட்டர் காயில்களைப் போட்டு ஒரு மணி நேரம் முழு லோடில் ஓட்டச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். இந்த மாதத்துக்கு இன்னும் ஓட்டவில்லை.