மாண்டினீக்ரோவா, உக்ரைனா: யாருக்கு முதலில் கதவு?

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலில் காத்திருப்பவர்களில் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

செலவு
மாண்டினீக்ரோ: தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் ஒரு குட்டி நாடு. மக்கள்தொகை ஆறு லட்சத்துச் சொச்சம். ஒன்றியத்தின் கஜானாவுக்கு இது கொசுக்கடி.
உக்ரைன்: இங்கேதான் சிக்கல். ஒன்றியத்தின் விவசாய மானியம் பெரும்பாலும் நிலப்பரப்பைப் பார்த்துத் தரப்படுவது. உக்ரைனிலோ கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் மண். அங்கிருந்து வரும் தானியத்தால் விலை விழுகிறது என்று 2024இல் போலந்து விவசாயிகள் டிராக்டரோடு வந்து எல்லைச் சாலையை மறித்தார்கள். உறுப்பினராகும் முன்பே இந்தப் பாடு!

தயார்நிலை
மாண்டினீக்ரோ: 2012 முதல் பேச்சுவார்த்தை. உறுப்பினராகாமலே அங்கே காபிக்கு யூரோவில்தான் காசு.
உக்ரைன்: 2022இல் விண்ணப்பம், 2024இல் பேச்சு தொடக்கம். எல்லாம் போருக்கு நடுவே.

பாதுகாப்பு
மாண்டினீக்ரோ: 2017 முதல் நேட்டோ ராணுவக் கூட்டணியில்.
உக்ரைன்: கிழக்கே போர்முனை.

சம்மதம்
இருவருக்கும் 27 நாடுகளும் தலையாட்ட வேண்டும். ஒன்று முறைத்தாலும் போச்சு.

சரி, யார்? விதிமுறைப்படி நடந்தால் இடம் உண்டு என்று பால்கன் நாடுகளுக்குக் காட்ட வேண்டுமானால் மாண்டினீக்ரோ. ரஷ்யாவுக்குப் பதில் சொல்வதுதான் நோக்கம் என்றால் உக்ரைன். அதற்கு முன் மானிய விதிகளைத் திருத்தியாக வேண்டும். என் ஓட்டு முதலில் சின்னவருக்கு.