'லைஃப்டைம் லைசென்ஸ்' ரெக்கவரி பென்டிரைவ்: 4,800 ரூபாய்க்கு எங்களுக்குக் கிடைத்தது என்ன?

'போர்ட்டபிள் விண்டோஸ், ஒரிஜினல் லைசென்ஸ், லைஃப்டைம்' என்று போட்டு டேட்டா ரெக்கவரிக்காக, அதாவது பழுதான டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்பதற்காக, ஆன்லைனில் பென்டிரைவ் விற்கிறார்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். நாங்கள் வாங்கியதில் பாதி இலவசமாகக் கிடைப்பது, மீதி திருட்டுச் சரக்கு.

சிவகாசியில் சின்னதாக ஒரு டிசைன் சென்டர் வைத்திருக்கிறோம். ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் வெளிவர வேண்டும் என்பதால் ஆனி மாதம் எங்களுக்குத் தூக்கமே கிடையாது. அந்த நேரம் பார்த்து 4 டிபி ஹார்ட் டிஸ்க் மக்கர் செய்தது. திறந்தால் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. இந்த பென்டிரைவை விற்பவரை போனில் பிடித்தோம். "சார், மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் உள்ளேயே இருக்கு. ரெக்கவரி சாஃப்ட்வேருக்கும் இருக்கு. எத்தனை சிஸ்டத்துல வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்றார். பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை.

பார்சலில் பென்டிரைவோடு ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை ஒன்று, அதில் 25 எழுத்து கீ. அந்த பென்டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்ததும் (ஸ்டார்ட் செய்ததும்) கறுப்புத் திரையில் 'டபிள்யூபிஇ இனிட்' என்று ஒரு வரி ஓடி மறைந்தது. அப்புறம் பார்க்க விண்டோஸ் 10 மாதிரியே டெஸ்க்டாப். ஆனால் விண்டோஸ் இருந்தது சி டிரைவில் இல்லை, எக்ஸ் டிரைவில். விஷயம் தெரிந்தவர்களுக்கு இந்த அடையாளமே போதும். இது விண்டோஸ் பிஇ. விண்டோஸை இன்ஸ்டால் செய்யவும் ரிப்பேர் பார்க்கவும் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருவது. அன்றாட வேலைக்கான விண்டோஸாக இதை ஓட்ட உரிமமே கிடையாது. ஆக்டிவேஷனும் இதற்குத் தேவையில்லை. அப்படியானால் அட்டையில் உள்ள கீ எதற்கு என்று கேட்டோம். "அது உங்க ரெக்கார்டுக்கு சார்" என்றார்!

சரி, ஃபைல் வந்தால் போதும் என்று ஸ்கேனை ஓட விட்டோம். டிஸ்க்கில் பேட் செக்டார், அதாவது படிக்க முடியாமல் பழுதான இடங்கள் நிறைய, அதனால் ஆமை வேகம். மூன்று நாள் ஓடி, முக்கால்வாசி தாண்டிய பிறகு சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. "கரண்ட் போயிருக்கும் சார்" என்றார் விற்பவர். யூபிஎஸ் அசையவே இல்லை. விண்டோஸ் பிஇ தொடர்ந்து 72 மணி நேரம் ஓடினால் தானாக ரீஸ்டார்ட் ஆகும். யாரும் இதையே முழுநேர விண்டோஸாக வைத்துக்கொள்ளக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் போட்டு வைத்திருக்கும் பூட்டு அது. எக்ஸ் டிரைவ், ரீஸ்டார்ட் ஆனால் அழிந்துவிடும் ராம் நினைவகத்தில்தான் இருக்கிறது என்பதால் அதில் சேர்ந்திருந்த ஸ்கேன் விவரமும் அதோடு காலி. ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்த டிஸ்க்கை மூன்று நாள் வீணாகச் சுற்ற விட்டதுதான் மிச்சம்.

ரெக்கவரி சாஃப்ட்வேரின் கதை இன்னும் மோசம். அதன் 'அபவுட்' ஜன்னலைத் திறந்தால் 'டெக்னீசியன் எடிஷன்' (சர்வீஸ் செய்பவர்களுக்கான பதிப்பு), உரிமம் பெற்றவர் என்ற இடத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். நெட் கேபிளைச் சொருகியதும் தன் கீ முடக்கப்பட்டது என்று சொல்லிவிட்டு ஃபைலைச் சேமிக்க மறுத்தது. "நெட்டை எடுத்துட்டுப் போடுங்க சார்" என்பதுதான் சப்போர்ட். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. தொழில் நடத்துகிற இடத்தில் அதை ஓட்டினால் மாட்டுவது யார்?

இதே கூட்டம் 'விண்டோஸ் டு கோ' என்றும் ஒன்று விற்கிறது. முழு விண்டோஸையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டுகிற வசதி அது. 2012இல் விண்டோஸ் 8 என்டர்பிரைஸோடு வந்தது. பெரிய நிறுவனங்களுக்கான உரிமத்தில் அடங்கியது. தனி ஆளுக்கு பென்டிரைவில் போட்டு விற்கிற சரக்கே இல்லை. விண்டோஸ் 10இன் '2004' என்ற எண்ணுள்ள பதிப்போடு, 2020ஆம் ஆண்டில், மைக்ரோசாஃப்ட் அதை எடுத்தும்விட்டது. இன்று யாராவது 'புது விண்டோஸ் டு கோ, லைஃப்டைம்' என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கடைசியில் உள்ளூர் சர்வீஸ் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, இனிமே இந்த டிஸ்க்கை ஸ்கேன் பண்ணாதீங்க. முதல்ல அப்படியே ஒரு காப்பி எடுத்துருவோம்" என்றார். அவர் கொண்டுவந்த பென்டிரைவில் இருந்தது சிஸ்டம்ரெஸ்க்யூ என்கிற லினக்ஸ், அதாவது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டம். அதிலுள்ள டிடிரெஸ்க்யூ என்கிற நகலெடுக்கும் சாஃப்ட்வேர், நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்கு அப்புறம் வருகிறது. எதுவரை முடிந்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் குறித்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அந்த நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இரண்டு ரெக்கவரி சாஃப்ட்வேரையும் ஓட்டினார். பெரும்பாலான பிஎஸ்டி ஃபைல்கள் (ஃபோட்டோஷாப் டிசைன்கள்) வந்துவிட்டன. ஃபோட்டோரெக் எடுத்தவற்றுக்குப் பழைய பெயர்கள் இல்லை. எது முருகன், எது மகாலட்சுமி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்தோம். இவை எல்லாமே ஜிபிஎல் என்கிற, யாரும் பயன்படுத்தவும் நகலெடுக்கவும் மாற்றவும் அனுமதிக்கும் உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை. காசுக்கு விற்பதைக்கூட ஜிபிஎல் தடுக்காது, ஆனால் வாங்குபவருக்கு மூலநிரல் (சாஃப்ட்வேரை எழுதிய கோடு) கிடைக்க வழி செய்ய வேண்டும். நகலெடுக்க விடாமல் 'ஒரு சிஸ்டத்துக்கு மட்டும்' என்று பூட்டிப்போட யாருக்கும் உரிமை இல்லை. தம்பி வாங்கியது தன் உழைப்புக்கான கூலி மட்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "கீ ஆக்டிவேட் ஆகிடுச்சு, ரீஃபண்ட் கிடையாது" என்றார் விற்பவர். அட்டை, பென்டிரைவ், அந்த 'அபவுட்' ஜன்னலின் படம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்பியிருக்கிறோம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிந்துவிட்டோம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

நேற்றுப் பார்த்தேன், அதே அட்டை, அதே ஹாலோகிராம் படத்தோடு வேறு கடைப் பெயரில் விற்பனை ஓடுகிறது. விலையில் 300 ரூபாய் குறைத்திருக்கிறார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால், உள்ளே இருப்பது எந்த சிஸ்டம், லைசென்ஸ் யார் பெயரில் வரும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு காசைக் கொடுங்கள்.