சட்ட வரைவுக்கு மக்கள் கருத்து: போல்.இஸ் நெடுநாள் பயன்பாட்டில்

போல்.இஸ் (Pol.is) என்ற பெயரை வாயால் சொன்னால் ‘போலீஸா?’ என்று யாராவது கேட்பார்கள். எழுதிக் காட்டிவிடுவது நல்லது. மக்களிடம் கருத்துத் திரட்டும் திறமூல மென்பொருள் இது. 2015இல் தைவானில் சட்ட வரைவுகளுக்கு மக்கள் கருத்தைத் திரட்டும் வி-தைவான் குழு, ஊபர் வாடகைக் கார் சேவையை ஒழுங்குபடுத்தும் விவகாரத்தில் இதை எடுத்தாண்டபின் பரவலாகத் தெரியவந்தது.

140 எழுத்துக்குள் ஒரு கூற்று, கீழே ஏற்பு, மறுப்பு, தாண்டு என மூன்று பொத்தான். தமிழில் எழுதும்போது கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் ஏறுவதால், பதினைந்து சொல்லுக்குள் இடம் தீர்ந்துவிடும். பதில் போடும் வசதி கிடையாது. புதிதாக வருபவர்கள் முதலில் குறைப்படுவது இதைத்தான். ஆனால் மாற்றுக்கருத்து உள்ளவர் அதையும் ஒரு கூற்றாகவே எழுத வேண்டியிருப்பதால் வாக்குவாதம் வளர்வதில்லை. வாக்குகள் ஒத்துப்போகும் விதத்தை வைத்து மென்பொருள் ஆட்களைச் சில குழுக்களாகப் பிரிக்கிறது. எல்லாக் குழுவும் ஏற்ற கூற்றுகள் தனியே நிற்கும். வரைவு எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அது.

அதிகம் சொதப்புவது கூற்றின் அமைப்பு. ‘ஓட்டுநருக்குக் காப்பீடு கட்டாயம், கட்டணத்துக்கும் உச்சவரம்பு வேண்டும்’ என்று ஒன்று வந்தால், முதல் பாதியை மட்டும் ஏற்பவர் தாண்டிவிடுவார். தாண்டல் எண்ணிக்கை ஏறினால் பெரும்பாலும் இதுதான் காரணம். அனுமதிக்கும் முன்பே இரண்டாக வெட்டி எழுதச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கமாகத் திறக்கவும் கூடாது. நீங்களே முன்கூட்டி எழுதிப் போடும் 10 முதல் 15 விதைக் கூற்றுகள் தேவை, அவற்றில் உங்களுக்குப் பிடிக்காத கருத்தும் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் வரும் கூற்றுக்கு வாக்கு குறைவாகவே விழும் என்பதால், புதுக் கூற்று சேர்ப்பதை முன்னதாக நிறுத்திவிட்டு வாக்குக்கு மட்டும் சில நாள் விடலாம்.

வாக்கு விழுக்காட்டைக் கருத்துக்கணிப்பு போல அறிக்கையில் போடாதீர்கள். விரும்பி வந்தவர்களின் கணக்கு அது. அடையாளச் சரிபார்ப்பு இல்லாத வாசல் எவ்வளவு மோசமாகும் என்பதற்கு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2017இல் இணையச் சமநிலை (எல்லா இணையத் தரவையும் சமமாக நடத்தும் கொள்கை) குறித்துப் பெற்ற 2.2 கோடிக் கருத்துகளே சாட்சி. அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலி என்று நியூயார்க் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2021இல் கண்டறிந்தது.

எந்த மென்பொருளாலும் தீராத குறை ஒன்று உண்டு: முடிவை அரசு எடுத்துக்கொள்ளுமா? ஐஸ்லாந்தில் மக்கள் கருத்தோடு 2011இல் எழுதிய அரசமைப்பு வரைவுக்கு 2012 வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவளித்தும் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. பின்லாந்தில் 6 மாதத்துக்குள் 50,000 கையொப்பம் சேர்ந்த முன்மொழிவை நாடாளுமன்றம் எடுத்துப் பரிசீலித்தாக வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில், இணைப்பை வெளியிடும் முன்பே துறையிடமிருந்து பதில் தரும் தேதியை எழுத்தில் வாங்கி முகப்பிலேயே போட்டுவிடுங்கள்.