அப்பிச்சியின் பெயரைத் தேடி ஒரு பூங்காவில்

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, இந்தத் தை மாதம் மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போனேன். சென்னிமலைப் பக்கம், தறிச் சத்தம் ஓயாத சிறிய ஊர். பஸ் நிலையத்தை ஒட்டியிருந்த முள்காட்டைத் திருத்திப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். அம்மா சக்கர நாற்காலியில் வந்ததால் வாசலைத்தான் முதலில் பார்த்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே சாய்தளம் இருக்கிறது, ஏற்றுவதில் சிரமமில்லை. குடிநீர்த் தொட்டியும் சுத்தம். கழிப்பறைதான் பூட்டிக் கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொருவரைக் கைகாட்டுகிறார்கள். மாலையில் வயதானவர்கள் வந்து அமரும் இடத்தில் இது நியாயமே இல்லை.

நடுவில் கொடியோடு குமரன் சிலை. 1904-இல் சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் தடியடிபட்டு, மறுநாள் உயிர்விட்டபோது அவருக்கு வயது 27. சற்றுத் தள்ளி, வயலில் கிடைத்த புலிகுத்திக் கல். புலியோடு போராடி மாண்டவனுக்கு ஊரார் நட்டது. அவன் பெயர் அதில் இல்லை.

பெயர் உள்ள கல் ஓரத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் போன எங்கள் ஊர்க்காரர்கள் 11 பேர். என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டியவர். அவர் திரும்பி வந்தார். கூடப் போன இருவர் வரவில்லை. அந்தக் கல்லுக்குப் பட்டையாகப் பெயின்ட் அடித்து எழுத்துக் குழிகளையே அடைத்துவிட்டார்கள். அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தார். தம் தகப்பன் பெயரை அவரால் எழுத்துக்கூட்ட முடியவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. எதிரே பெஞ்சுகளின் முதுகில் நன்கொடையாளர் பெயர்கள் பளிச்சென்று தெரிகின்றன. கொடுத்தவர் பெயர் இருக்கட்டும். ஆனால் போருக்குப் போனவர் பெயருக்கும் அதே அக்கறை வேண்டாமா? நான் வாழும் ஆஸ்திரேலியாவில் சிற்றூர்களில்கூடப் போர் நினைவுத் தூண் உண்டு. போர் வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளான ஏப்ரல் 25 அன்று விடியுமுன்னே அதன் முன் கூடி நிற்பார்கள். நான் பார்த்த தூண்களில் பெயர்களைப் படிக்க முடிந்தது.

திருமுருகன்பூண்டிக் கல் தச்சர் ஒருவரை அழைத்துவந்து காட்டினோம். பெயின்டைச் சுரண்டினாலும் மழுங்கிய எழுத்துகளை மறுபடி கொத்தத்தான் வேண்டும், பெயர்ப் பட்டியல் சரியாக இருந்தால்தான் உளி வைப்பேன் என்றார். அன்றிரவே அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். 9 பெயர்கள் வந்துவிட்டன. மற்ற இரண்டுக்காக மாமன் மகன் ஒவ்வொரு சந்தை நாளிலும் பெரியவர்களைக் கேட்டுவருகிறான்.